போரிஸ் கார்லாஃப்

போரிஸ் கார்லாஃப் (நவம்பர் 23, 1887 – பெப்ரவரி 2, 1969) இங்கிலாந்தில் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவில் புகழ்பெற்ற திரைப்பட, மேடை நாடக நடிகர் ஆவார். இவரது இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1931 ஆம் ஆண்டில் வெளிவந்த பிராங்கென்ஸ்டைன் என்ற திகில் திரைப்படத்தில் பேச்சற்ற செயற்கை மனிதனாக நடித்து உலகப் புகழ் பெற்றார். அப்போது இவருக்கு வயது 44. அதற்கு முன்னர் ஏறத்தாழ 80 திரைப்படங்களில் சிறு வேடங்களில் நடித்திருந்தும் இவரது பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும் இவர் அறியப்படுகிறார்.

பிறப்பும் குடும்பப் பின்னணியும்

கார்லாஃப் இலண்டனின் தென்பகுதியில் உள்ள காம்பர்வெல் என்னும் இடத்தில், ஒன்பது பிள்ளைகளில் இளையவராகப் பிறந்தார். இவரது தந்தை எட்வர்ட் ஜான் பிராட் பிரித்தானிய இந்திய அரசின் உப்பு வரித்துறையில் பணியாற்றியவர். 1930 இல் காந்தி தண்டி யாத்திரை மேற்கொண்டது இத்துறை வசூலித்த வரியை எதிர்த்தேயாகும். தாயார் எலைசா சாரா மில்லார்ட் இந்தியாவில் பிறந்தவர். இவர்களது திருமணம் 1864 இல் குசராத்தின் சூரத் நகரில் நடைபெற்றது. அப்போது மணமகனுக்கு வயது 38, மணமகளுக்கு வயது 16.

தந்தை, தாய் இருவரது முன்னோரிலும் இந்தியர் இருந்தனர். ஆங்கிலோ-இந்தியர் என்ற இந்தப் பின்னணியைக் கார்லாஃப் தம் வாழ்நாளில் பொதுவெளியில் கூறியதில்லை. நிறவேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்து ஹாலிவுட்டில் அதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமன்று. இவரது கருமை கலந்த நிறமும், ஆழ்ந்த கண்களும் இவருக்கு அரேபியர், இந்தியர், செவ்விந்தியர் போன்ற வேடங்களையே பெற்றுத் தந்தன. எனினும், அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்பது திரைப்பட இரசிகர்களுக்குத் தெரியாமலே இருந்தது.

இவரது தாய்வழிப் பாட்டியின் உடன்பிறந்தவர் அன்னா லியோனோவன்ஸ் ஆவார். சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட்டின் அரண்மனையில் 1862 முதல் 1867 வரை ஆசிரியையாக இருந்து, பின்னர் அந்த அனுபவங்களை நூல்களாக எழுதிப் புகழ் பெற்றவர் இவர். தாம் வேல்சு நாட்டில் பிறந்ததாகவே அன்னா கூறி வந்தார். ஆனால் அவர் உண்மையில் 1831 இல் மராட்டியப் பகுதியின் அகமதுநகரில் பிறந்தவர் என்பது 1970களிலேயே ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர், இரு தலைமுறைகளில், தம் பிறப்பின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு உலகப் புகழ் அடைந்தனர்.

இளமையும் கனடா வாழ்க்கையும்

சிறு வயதிலேயே பெற்றோரின் பராமரிப்பை இழந்த வில்லியம், மூத்த உடன்பிறந்தோரால் வளர்க்கப்பட்டார். இளமையில் இவருக்குத் திக்குவாய் இருந்தது. அதனைப் பெரிதும் வென்றுவிட்ட போதிலும், சகர ஒலியை உச்சரிப்பதில் இருந்த குறைபாடு இறுதிவரை நீடித்தது. பிற்காலத்தில் இவரைப் போலப் பேசிக் காட்டிய பலகுரல் கலைஞர்கள் அனைவரும் முதலில் பற்றிக்கொண்டது இந்தக் குறைபாட்டைத்தான்.

அண்ணன்மார் பலர் அரசுப் பணிகளில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் பிராட் சீனாவில் தூதரகப் பணியாற்றிப் பின்னர் சர் பட்டம் பெற்றார். வில்லியமும் அதே பணிக்குச் செல்ல வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். இதற்கென இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்க்கப்பட்ட இவர், படிப்பை விட நாடகக் கொட்டகைகளிலேயே அதிக நேரத்தைச் செலவிட்டார். இறுதியில் 1909 ஆம் ஆண்டில் படிப்பைக் கைவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறினார்.

கனடாவில் முதலில் ஒண்டாரியோ மாகாணத்தில் பண்ணை வேலையும், பின்னர் பிரித்தானியக் கொலம்பியாவில் மண் வெட்டுதல், சுமை தூக்குதல் போன்ற கூலி வேலைகளும் செய்தார். 1911 இல் சுற்றுலா நாடகக் குழு ஒன்றில் வாய்ப்புக் கிடைத்தது. முன் அனுபவம் உண்டு என்று பொய் கூறியே அதில் சேர்ந்தார். முதல் நாள் நாடகத்தில் திரை எழும்போது 30 டாலராக இருந்த தமது வாரச் சம்பளம், திரை விழும்போது 15 டாலராகக் குறைந்துவிட்டது என்று இவர் பிற்காலத்தில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

போரிஸ் கார்லாஃப் என்ற பெயரை இக்காலத்திலேயே சூட்டிக்கொண்டார். கார்லாஃப் என்பது தாய்வழி உருசிய முன்னோரின் பெயர் என்று இவர் கூறி வந்தபோதிலும், அத்தகைய முன்னோர் எவரும் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நடிகனாவது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டதால் பெயரை மாற்றியிருக்கக்கூடும். எனினும், சட்டப்படி இவர் தமது பெயரை ஒருபோதும் மாற்றவில்லை. அரசு ஆவணங்களில் பிராட் என்றே கையொப்பமிட்டு வந்தார்.

1912 சூன் 30 அன்று சசுகாச்சுவான் மாகாணத் தலைநகரான ரெஜைனாவைப் பெரும் சூறாவளி தாக்கியபோது இவர் அந்நகரில் இருந்தார். நாடகம் நடத்த வழியில்லாத நிலையில், இடிபாடுகளை அகற்றும் கூலி வேலையில் சேர்ந்தார்.

பேசாப்படக் காலம்

நாடகக் குழுக்களுடன் பல ஊர்களிலும் அலைந்த பின்னர், முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் கார்லாஃப் லாஸ் ஏஞ்சலசு நகரை அடைந்தார். கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகராகத் திரைப்பட வாழ்வு தொடங்கியது. வில்லனின் அடியாள், கள்ளக் கடத்தல்காரன், பாலைவனக் கொள்ளையன் என்று கிடைத்த வேடங்களில் எல்லாம் நடித்தார். 1926 இல் வெளிவந்த தி பெல்ஸ் படத்தில் இவர் ஏற்ற மனோவசியக்காரன் வேடம் சற்றுக் கவனம் பெற்றது. வாய்ப்பில்லாத மாதங்களில் லாரி ஓட்டியும் சுண்ணச்சாந்து மூட்டைகளைச் சுமந்தும் பிழைத்தார். அந்நாளில் திகில் வேடங்களுக்குப் பெயர்பெற்றிருந்த லான் சேனி ஒருநாள் தம் காரில் இவரை ஏற்றிச்சென்று, பிறரால் செய்ய முடியாத ஒன்றைத் தேடிப்பிடிக்குமாறு அறிவுரை கூறினார் என இவர் நினைவுகூர்ந்துள்ளார்.

பேசும்படம் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. மேடையில் நடித்த தி கிரிமினல் கோட் நாடகத்தை 1931 இல் ஹோவர்ட் ஹாக்ஸ் திரைப்படமாக்கியபோது, பழிவாங்கும் சிறைக்கைதி வேடத்தில் கார்லாஃபையே நடிக்க வைத்தார்.

பிராங்கென்ஸ்டைன்

மேரி ஷெல்லி 1818 இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி யுனிவர்சல் நிறுவனம் படம் எடுக்கத் திட்டமிட்டது. டிராகுலா படத்தின் மூலம் புகழடைந்திருந்த பேலா லுகோசி முதலில் இதற்கெனக் கருதப்பட்டார். வசனமே இல்லாத வேடத்தை அவர் விரும்பவில்லை என்பது பரவலாகக் கூறப்படும் செய்தியாகும். இயக்குநர் ஜேம்ஸ் வேல், நிறுவனத்தின் உணவகத்தில் அமர்ந்திருந்த கார்லாஃபின் முக அமைப்பைக் கண்டு, ஒப்பனைச் சோதனைக்கு அழைத்தார்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பிராங்கென்ஸ்டைன் என்பது பிணங்களின் உறுப்புகளைப் பொருத்தி உயிரூட்டும் அறிவியலாளனின் பெயராகும். அவன் படைத்த உருவத்துக்குப் பெயர் கிடையாது. கார்லாஃப் நடித்தது அந்தப் பெயரற்ற உருவமாகும். மக்கள் வழக்கில் படைத்தவன் பெயரே படைப்புக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் பஞ்சையும் பசையையும் அடுக்கடுக்காக வைத்துத் தட்டையான மண்டையை உருவாக்கினார். நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இதற்கு ஆயிற்று. முகம் உயிர்ப்புடன் இருப்பதாகக் கருதிய கார்லாஃப், கண்ணிமைகள் மேல் மெழுகு பூசச் செய்து பார்வையை மங்கலாக்கிக்கொண்டார். தமது செயற்கைப் பற்களைக் கழற்றி ஒருபக்கக் கன்னத்தைக் குழிவாக்கியதும் இவரது யோசனையே. கோடை வெப்பத்தில் பஞ்சு திணித்த கனத்த ஆடையும், எடைமிக்க காலணிகளும் அணிந்து நடித்தார். தம்மைப் படைத்தவனைத் தோளில் சுமந்து காற்றாலைக் குன்றில் ஏறும் காட்சி மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டதால் முதுகு பாதிக்கப்பட்டது. இந்த வலி வாழ்நாள் முழுவதும் இவரை விட்டு நீங்கவில்லை.

ஒப்பனை எவ்வளவு விரிவாக இருந்தபோதிலும் படத்தை வாழவைத்தது கார்லாஃபின் நடிப்பேயாகும். இவர் அந்த உருவத்தை அரக்கனாக அன்றி, விரும்பாமல் உலகுக்குக் கொண்டுவரப்பட்டுக் கைவிடப்பட்ட குழந்தையாகவே கருதினார். கூரை திறக்கப்படும்போது முதன்முதலாக வெளிச்சத்தைக் காணும் அவ்வுருவம் அதனைப் பிடிக்கக் கைகளை உயர்த்தும் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஒரு வசனமும் இன்றி, விரல்களின் அசைவால் மட்டுமே அந்த ஏக்கம் உணர்த்தப்படுகிறது. படத்தைக் கண்ட சிறுவர்கள் பலர் அந்த உருவத்துக்காக இரக்கப்பட்டுத் தமக்குக் கடிதம் எழுதியதை இவர் பெருமையாகக் கருதினார்.

ஏரிக்கரையில் மரியா என்னும் சிறுமியுடன் விளையாடும் காட்சியும் குறிப்பிடத்தக்கது. இருவரும் பூக்களைத் தண்ணீரில் மிதக்க விடுகின்றனர். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவ்வுருவம் சிறுமியை நீரில் எறிகிறது. இவ்வாறு எறிவதைக் கார்லாஃப் எதிர்த்தார். இயக்குநரோ தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. பின்னர் தணிக்கையாளர்கள் பல இடங்களில் இக்காட்சியின் இறுதிப் பகுதியை வெட்டினர். உருவம் சிறுமியை நோக்கிக் கைநீட்டுவதும், பின்னர் தந்தை அவள் உடலைச் சுமந்து வருவதும் மட்டுமே எஞ்சியதால், நடந்ததை விடக் கொடிய ஒன்றைப் பார்வையாளர் கற்பனை செய்ய நேர்ந்தது. வெட்டப்பட்ட பகுதி 1980களிலேயே படத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டது.

படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்கள் காட்டப்படும்போது, அந்த உருவமாக நடித்தவரின் பெயருக்குப் பதிலாக ஒரு வினாக்குறியே இடம்பெற்றது. முதல் காட்சிக்குக் கார்லாஃப் அழைக்கப்படவுமில்லை. ஆனால் படம் பெருவெற்றி பெற்றதும் நிலைமை தலைகீழாகியது. அடுத்த ஆண்டிலேயே கார்லாஃப் என்ற ஒற்றைச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டு யுனிவர்சல் தனது படங்களை விளம்பரம் செய்தது.

திரை நடிகர் சங்கம்

பிராங்கென்ஸ்டைன் படப்பிடிப்பின்போது ஒருமுறை தொடர்ந்து 25 மணி நேரம் ஒப்பனையுடன் வேலை செய்ய நேர்ந்தது. அக்காலத்தில் ஹாலிவுட் நடிகர்களுக்கு வேலை நேர வரையறை ஏதும் இருக்கவில்லை. உணவு இடைவேளையும் ஓய்வும் தயாரிப்பாளரின் விருப்பத்தைச் சார்ந்தவையாகவே இருந்தன. நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டுண்ட நடிகர் மறுத்தால் வேலை இழக்க நேரிடும்.

1933 மார்ச்சில் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டிப் படநிறுவனங்கள் நடிகர்களின் சம்பளத்தில் பாதியைத் தற்காலிகமாகக் குறைத்தன. இதனால் கொதிப்படைந்த நடிகர்கள் சிலர் ஒருவர் வீட்டில் இரகசியமாகக் கூடிப் பேசினர். இவ்வாறு அதே ஆண்டு உருவான திரை நடிகர் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் கார்லாஃபும் ஒருவர். இவரது உறுப்பினர் எண் 9 ஆகும். இருபது ஆண்டுகள் வறுமையில் உழன்று, அப்போதுதான் புகழைச் சுவைக்கத் தொடங்கியிருந்த ஒருவர், தம் முதலாளிகளின் பகையைத் தேடிக்கொள்ளும் இச்செயலில் இறங்கியது சிறிய விடயமன்று. அதே ஆண்டில் வாக்களித்த சம்பள உயர்வைத் தர யுனிவர்சல் மறுத்தபோது, இவர் அந்நிறுவனத்தைவிட்டு வெளியேறியும் இருக்கிறார். பின்னர் சமாதானம் ஏற்பட்டது.

1937 மே மாதத்தில், வேலைநிறுத்தம் நெருங்கிவிட்ட நிலையில், படநிறுவனங்கள் சங்கத்தை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் கார்லாஃப் பல ஆண்டுகள் பணியாற்றினார். திரையில் பேசாத உருவமாக அறியப்பட்ட இவர், துணை நடிகர்களின் நலனுக்காகக் கூட்டங்களில் விடாது பேசியவர் என்பது பலர் அறியாத செய்தியாகும்.

பிற திகில் படங்கள்

1932 இல் வெளிவந்த தி மம்மி படத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கி எழும் எகிப்தியப் பூசாரி இம்கோதெப்பாக நடித்தார். உடல் முழுவதும் துணி சுற்றப்பட்ட தோற்றம் திரையில் சில நிமிடங்களே வருகிறது. அதற்கான ஒப்பனைக்கு எட்டு மணி நேரம் ஆனது.

1933 இல் தி கூல் படத்திற்காக, 24 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். அரசுப் பணியில் உயர்ந்திருந்த அண்ணன்மார் தம்மை எப்படி வரவேற்பார்களோ என்று அஞ்சியிருந்தார். விளம்பரத்திற்காகச் சேர்ந்து நின்று படம் எடுக்கலாமா என்று தயங்கியபடியே கேட்டபோது, யார் எங்கே நிற்பது என்று அவர்கள் தமக்குள் போட்டியிட்டுக் கொண்டனராம்.

1934 இல் எட்கர் உல்மர் இயக்கிய தி பிளாக் கேட் படத்தில் லுகோசியுடன் முதன்முறையாக இணைந்தார். 1935 இல் வெளிவந்த பிரைட் ஆஃப் பிராங்கென்ஸ்டைன், முதல் படத்தை விடச் சிறந்தது எனத் திறனாய்வாளர் பலர் கருதுகின்றனர். இதில் அந்த உருவம் சில சொற்களைப் பேசக் கற்றுக்கொள்கிறது. பேச வைப்பது தவறு என்று கார்லாஃப் வாதிட்டார். ஆயினும், பார்வையற்ற துறவி ஒருவர் அவ்வுருவத்துக்கு ரொட்டியும் இசையும் நட்பும் அளிக்கும் காட்சியைக் காண்போர் இவரது வாதத்தை ஏற்பது கடினம். 1939 இல் வெளிவந்த சன் ஆஃப் பிராங்கென்ஸ்டைன் படத்துடன் அவ்வேடத்தில் முழுநீளப் படங்களில் நடிப்பதை நிறுத்திக்கொண்டார். அந்த வேடம் இனிக் கேலிப்பொருளாகவே மாறும் என்ற இவரது கணிப்பு பொய்க்கவில்லை.

1940களின் நடுப்பகுதியில் தயாரிப்பாளர் வால் லியூட்டனுடன் இணைந்து மூன்று படங்களில் நடித்தார். இவற்றுள் ராபர்ட் வைஸ் இயக்கிய தி பாடி ஸ்நாட்சர் (1945) சிறந்ததாகும். மருத்துவக் கல்லூரிக்குப் பிணங்களைத் திருடி விற்கும் வண்டிக்காரனாக, ஒப்பனையின் துணையின்றி, புன்னகையாலேயே அச்சமூட்டினார். இதுவே இவரும் லுகோசியும் சேர்ந்து நடித்த கடைசிப் படம்.

1950களில் பிழைப்புக்காக நடித்த படங்கள் பல. அவற்றுள் இந்தியாவில் நடப்பதாக அமைந்த சபாக்கா என்ற படமும் ஒன்று. அதில் இவரது பாத்திரத்தின் பெயர் தளபதி பொல்லிகர். பாளையக்காரர் என்ற தமிழ்ச் சொல்லின் ஆங்கிலத் திரிபை இப்பெயர் நினைவூட்டுகிறது.

மேடையும் தொலைக்காட்சியும்

1941 சனவரி 10 அன்று நியூயார்க் பிராட்வேயில் ஆர்செனிக் அண்ட் ஓல்டு லேஸ் என்ற நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. இதில் கார்லாஃப் கொலைகாரன் ஜானதன் வேடம் ஏற்றார். தனது முகம் போரிஸ் கார்லாஃபைப் போல இருப்பதாகச் சொன்னவனைக் கொன்றதாக அந்தக் கொலைகாரன் கூறும் இடத்தில் அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. இந்நாடகம் மொத்தம் 1,444 முறை நடைபெற்றது. இது திரைப்படமானபோது கார்லாஃப் மேடையிலேயே தொடர வேண்டியிருந்ததால் அவ்வேடத்தில் ரேமண்ட் மாசி நடித்தார். 1950 இல் பீட்டர் பான் நாடகத்தில் கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்காக நடித்தார். 1955 இல் தி லார்க் நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்கை விசாரிக்கும் ஆயர் கொஷோன் வேடம் ஏற்று, டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

சிறுவர்களுக்காக இரட்யார்ட் கிப்ளிங்கின் கதைகளை இசைத்தட்டுகளில் படித்துள்ளார். 1960 முதல் 1962 வரை திரில்லர் என்ற தொலைக்காட்சித் தொடரைத் தொகுத்து வழங்கினார். 1966 திசம்பரில் ஒளிபரப்பான ஹவ் தி கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்மஸ் என்ற அசைபடத்தில் கதைசொல்லியாகவும், கிறித்துமசை வெறுக்கும் கிரிஞ்சாகவும் குரல் கொடுத்தார். இதன் இசைத்தட்டு சிறந்த சிறுவர் பதிவுக்கான கிராமி விருதைப் பெற்றது.

தனி வாழ்க்கை

கார்லாஃப் பலமுறை திருமணம் செய்தவர். இவரது ஒரே மகள் சாரா, தந்தையின் 51 ஆவது பிறந்தநாளான 1938 நவம்பர் 23 அன்று பிறந்தார். 1946 இல் மணந்த ஈவ்லின் இறுதிவரை உடனிருந்தார். தோட்டக் கலையிலும் துடுப்பாட்டத்திலும் பேரார்வம் கொண்டிருந்தார். இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கியவரும் நடிகருமான ஆப்ரே சிமித் தொடங்கிய ஹாலிவுட் துடுப்பாட்டக் கழகத்தில் இவரும் விளையாடினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் தொழில் செய்தும் பிரித்தானியக் குடியுரிமையைக் கைவிடவில்லை. 1959 இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்.

இறுதிக் காலம்

முதுமையில் மூட்டு வாதமும் நுரையீரல் நோயும் இவரை வாட்டின. கால்களில் இரும்புத் தாங்கிகளுடனும், சக்கர நாற்காலியிலும் இருந்தபடி நடித்தார். படப்பிடிப்பு இடைவேளைகளில் உயிர்வளி முகமூடி தேவைப்பட்டது. நடிப்பதை நிறுத்த மட்டும் ஒப்பவில்லை.

தயாரிப்பாளர் ரோஜர் கார்மனுக்கு இவர் இரண்டு நாள் வேலை கடன்பட்டிருந்தார். அதைப் பயன்படுத்திப் படமெடுக்குமாறு கார்மன் புதிய இயக்குநரான பீட்டர் போக்டனோவிச்சிடம் கூறியதன் விளைவே டார்கெட்ஸ் (1968). இதில் கார்லாஃப், பைரன் ஓர்லாக் என்ற முதிய திகில் நடிகராக, அதாவது ஏறத்தாழத் தாமாகவே நடித்தார். துப்பாக்கியால் முன்பின் அறியாதவர்களைச் சுட்டுக்கொல்லும் இளைஞன் உலவும் காலத்தில் தமது படங்கள் யாரையும் அச்சுறுத்தா என்று எண்ணி ஓய்வுபெற முனையும் கிழவர் அவர். படத்தில் சமாரா நகரில் காத்திருக்கும் மரணத்தைப் பற்றிய பழைய கதையொன்றை இவர் சொல்லும் காட்சி ஒரே எடுப்பில் முடிந்தது. முடிந்ததும் படப்பிடிப்புக் குழுவினர் கைதட்டினர்.

அதன் பின்னரும் மெக்சிக்கோ தயாரிப்பாளருக்காக நான்கு படங்களுக்கான தமது காட்சிகளை 1968 இல் லாஸ் ஏஞ்சலசில் நடித்து முடித்தார். இவை இவரது மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. 1969 பெப்ரவரி 2 அன்று இங்கிலாந்தின் சசெக்சு பகுதியிலுள்ள மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் தமது 81 ஆவது வயதில் காலமானார். உடல் கில்ட்ஃபோர்டில் எரியூட்டப்பட்டது. நடிகர் தேவாலயம் என அறியப்படும் இலண்டன் கோவென்ட் கார்டன் தூய பவுல் தேவாலயத்தில் இவருக்கு நினைவுப் பலகை உள்ளது.

1997 இல் ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை திகில் திரைப்படப் பாத்திரங்களைச் சிறப்பித்து ஐந்து அஞ்சல் தலைகளை வெளியிட்டது. அவற்றுள் இரண்டில் கார்லாஃபின் முகம் இடம்பெற்றது. ஒன்று மம்மியாக, மற்றொன்று அந்தப் பெயரற்ற உருவமாக.